வட்டத்தின் மேல் ஒரு விரல்

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவரிடம் காட்டிவிடுவார்கள். எழுதாவிட்டாலும், படித்தால் அவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும்.

அவரது வலது ஆள்காட்டி விரலில் எப்போதும் பென்சில் கரி ஒட்டியிருக்கும். கேள்வியைப் படிக்கும் முன் படத்தைப் பார்ப்பார். படத்தில் கோடுகள் எல்லாம் வந்து சேரும் ஒரு சின்ன வட்டம் உண்டு. முதலில் அதன்மேல் விரலை வைப்பார்.

"பிளஸ்ஸா மைனஸா?"

"கேள்வியைப் படிங்கக்கா மொதல்ல."

"கேள்வி எங்கிட்டும் ஓடிப் போயிராது. பிளஸ்ஸா மைனஸா, அதச் சொல்லு."

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு அந்த வட்டம் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் எந்திரத்திலிருந்து வெளியே வருவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவார்கள். அது உள்ளே போகும்போது கூட்டப்படுகிறதா, கழிக்கப்படுகிறதா என்று அந்த வட்டத்தில் ஒரு குறி போட்டிருக்கும். பாடப்புத்தகப் படங்களில் முக்காலே மூணு வீசம் கழித்தல்தான். அதனால் எங்களைப் போன்ற ஆட்கள் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. மைனஸ்தான் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு சூத்திரத்தைப் பிடித்து ஓடுவோம். நாலு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்ததில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே வேகம் அதுதான்.

உதவிப் பொறியாளர் தேர்வுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெரும்பாலும் பஸ்ஸில்தான் படித்தோம். அவர் கீரனூரில் ஏறுவார். நான் நார்த்தாமலை பிரிவில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். புதுக்கோட்டை போய் இறங்கும்வரை இரண்டு கணக்கு. பிறகு நூலக மாடியில் சாயங்காலம் வரை. அவர் படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகி, கணவர் ஷார்ஜா போய், மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தபிறகு மறுபடியும் புத்தகத்தை எடுத்தவர். இந்தத் தேர்வுக்கான அறிவிப்பு வருவதே நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை. வீட்டில் ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதம் வாங்கியிருந்தார். "இதுல வரலைன்னா புத்தகத்தக் கட்டி வச்சுட்டு ஷார்ஜாவுக்குக் கெளம்பிரணும். அவுகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்று முதல் வாரமே சொன்னார். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார். எனக்கு உறைக்கவில்லை.

தினமும் அதே பஸ். அதே கண்டக்டர். தினமும் திரும்பி வரும்போது ஏறுவதற்கு முன் அக்கா அவரிடம் கேட்பார்.

"கீரனூர் நிக்குமாண்ணே?"

"ஏம்மா, நீ தெனம் இதுலதான வர்ற?"

"நேத்து நின்னுச்சு. இன்னைக்கு நிக்குமான்னு கேட்டேன்."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு விசில் அடிப்பார். நான் சிரித்துத் தொலைப்பேன். அக்கா சிரிக்க மாட்டார். அந்தக் கண்டக்டரை வைத்துத்தான் எனக்கு ஃபீட்பேக் முழுசாகப் புரிந்தது. ஒருநாள் கூட்டத்தில் அவர், "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினார். பயணிகள் திருப்பிக் கத்தினார்கள். அவர் இன்னும் கத்தினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தம்பி, இது பாசிட்டிவ். கூடிக்கிட்டே போவும், அடங்காது. அங்கிட்டு டிரைவரைப் பாரு. வேகம் ஏறுனா காலை எடுக்குறாரு, எறங்குனா மிதிக்கிறாரு. அது நெகட்டிவ். ரெண்டும் ஒரே பஸ்லதான் போவுது. எது எதுன்னு பாக்காம கணக்கை ஆரம்பிக்கலாமா?"

எங்களோடு படித்த ஆலங்குடிப் பிரபு அவருக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர் வைத்தான். கைடு புத்தகங்களில் தப்பான விடைகளைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் சரியான விடையை எழுதி, தன் கையெழுத்தையும் போட்டு வைப்பார். நூலகப் புத்தகத்திலும். "எனக்கு அடுத்து எடுக்குற புள்ள ஏமாறக் கூடாதுல்ல?" நூலகர் ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தார். அக்கா மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து தனித்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகினார்.

அதற்கு முன்னால் கீழ ராஜ வீதியில் ஒரு மாடியில் கோச்சிங் கிளாஸ் போனோம். மூன்று வாரம்தான். சார் போர்டில் கணக்கை வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தார். பின் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தார்.

"சார், அந்த வட்டத்துல பிளஸ் இருக்கு. நீங்க மைனஸா எடுத்துட்டீங்க."

"அது பிரிண்டிங் மிஸ்டேக்கும்மா."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க சார்."

சிரிப்பில் வகுப்பே பிளந்துவிட்டது. பிரபு பெஞ்சில் தாளம் போட்டான். சார் சாக்பீஸை நீட்டி, "அப்ப நீங்களே வந்து எடுங்க" என்றார். கிண்டல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. போய் எடுத்தார். முக்கால் மணி நேரம். மணி அடித்தபிறகு சார் கீழே வந்து, "ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. நாளையிலருந்து வர வேணாம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சந்தோஷமாக வந்தார். அது விரட்டல் என்று நான்தான் நார்த்தாமலை பிரிவு வருவதற்குள் புரியவைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆனா கணக்கு சரிதானே?" என்றார்.

அவர் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் கத்தியிருக்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நான் ஒரு வாரம் முன்பே போட்டு முடித்திருந்தேன்.

"பிரிண்ட் எடுத்துட்டு வா. நான் ஒரு வாட்டி பாக்கணும்."

"நான் என்ன எல்கேஜியாக்கா?"

"எல்கேஜி புள்ளைன்னா நம்பலாம். எடுத்துட்டு வா."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக வந்தார். பாடப் பிரிவு என்ற இடத்தில் விரல் நின்றது. எலெக்ட்ரானிக்ஸ் என்பதற்குப் பதில் எலெக்ட்ரிக்கலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மேலும் கீழுமாக இரண்டு வரி, அவசரத்தில் விரல் வழுக்கிவிட்டது. பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றவைத்தார். மாற்றியதை இன்னொரு முறை பிரிண்ட் எடுக்கச் சொல்லி, அதிலும் விரலை வைத்தார். திட்டவில்லை. "டீ வாங்கிக் குடு" என்றார், அவ்வளவுதான். அன்று அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என் பட்டப்படிப்புக்குப் பொருந்தாத தாளோடு நான் தேர்வு அறைக்கு வெளியே நின்றிருப்பேன்.

இதோடு நிறுத்திவிடலாம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

தேர்வு திருச்சியில் நடந்தது. வெளியே வந்ததும் கேட்டில் அக்கா நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த முப்பத்தெட்டாவது கேள்வியப் பாத்தியா? வட்டத்துல பிளஸ் போட்டிருந்தான்!"

நான் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு எனக்கு முப்பது விநாடிக் கணக்கு. மைனஸ் என்று எடுத்து 'டி' போட்டுவிட்டு ஓடியிருந்தேன். பிளஸ் என்றால் விடை 'பி'. இத்தனை மாதம் பக்கத்தில் உட்காரவைத்து விரலை வைத்துக் காட்டிய மனுஷியிடம், பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கெத்து விடுமா?

"பாக்காம இருப்பேனாக்கா? 'பி' தானே?"

"அதான் என் தம்பி" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

அது முதல் பொய். வெறும் வாய்க் கொழுப்பில் சொன்னது.

பத்து நாளில் தற்காலிக விடைக்குறிப்பை இணையதளத்தில் போட்டார்கள். முப்பத்தெட்டாம் கேள்விக்கு விடை 'டி'. கேள்வித்தாளைத் தயாரித்தவரும் என்னைப் போல வேகமான ஆள் போலிருக்கிறது. மைனஸ் என்றே பழகிய கை. எனக்குக் குப்பென்று ஒரு சந்தோஷம் வந்தது. அக்காவின் போன் வந்தது.

"தப்பா குடுத்திருக்கான்டா. நம்ம ரெண்டு பேருக்குமே போச்சு. விடக் கூடாது. அப்ஜெக்‌ஷன் போடுவோம்."

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம் அவகாசம். சும்மா தப்பு என்று சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கைடு செல்லாது. பெரிய பாடப்புத்தகங்களிலிருந்து ஆதாரப் பக்கத்தைப் படமெடுத்து, அவரவர் பதிவெண்ணில் நுழைந்து ஏற்ற வேண்டும். அக்கா மூன்று நாள் திருச்சிக்கும் கீரனூருக்கும் அலைந்தார். தான் படித்த கல்லூரி நூலகத்தில் கெஞ்சி இரண்டு புத்தகங்களில் அந்தப் பக்கங்களைப் பிடித்துவிட்டார். அவரது போனில் அந்த இணையதளம் பாதியில் நின்று நின்று செத்தது. பிரவுசிங் சென்டர் போகலாம் என்றால் மிச்சம் இருந்தது கடைசி நாள் மட்டும். அன்றைக்கு மகளுக்குக் காதுகுத்து. பொன்னமராவதிப் பக்கம் குலதெய்வக் கோயில். பொட்டல்காட்டில் டவரே கிடையாது. கணவர் அதற்காகவே லீவில் வந்திருந்தார்.

முடிவு வரும்வரை விடக் கூடாது என்று தேர்வுக்குப் பிறகும் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முந்தின நாள் பஸ்ஸில் தன் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"ஒங்கிட்ட லேப்டாப் இருக்குல்ல. ஒனக்குப் போடும்போது எனக்கும் சேத்துப் போட்டுரு. பிடிஎஃப் அனுப்பிட்டேன். அஞ்சே முக்காலோட முடியுது, மறந்துராத."

"ஒங்க பேர்ல போடறப்ப பிளஸ்ஸா மைனஸான்னு ஒரு தடவை பாத்துக்கறேங்க்கா" என்று நக்கலடித்தேன்.

"போடா" என்று சிரித்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் பதிவெண்ணில் உள்ளே நுழைந்தேன். கேள்வி எண், அவர்கள் கொடுத்த விடை, நாம் சொல்லும் விடை, ஆதாரம். எல்லாவற்றையும் நிரப்பினேன். கோப்பு ஏறிவிட்டது. கீழே 'சமர்ப்பி' என்று பச்சைப் பொத்தான். அழுத்துவதற்கு முன்னால் டெலிகிராம் குரூப்பை ஒரு தடவை பார்த்தேன். கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஜோசியத்திலும் நான் கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி போனால் கோட்டுக்குக் கீழே.

எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள், வேறு யாராவது போட மாட்டார்களா? ஒருத்தர் போட்டால் மாற்றிவிடவா போகிறார்கள்? அக்காவுக்கு இருக்கிற மூளைக்கு இந்த ஒரு கேள்வி இல்லாமலே வந்துவிடுவார். இப்படியே சாப்பிடப் போனேன். ரசம் ஊற்றிக்கொள்ளும்போதும் அந்தப் பச்சைப் பொத்தான்தான் கண்ணில் நின்றது. திரும்பி வந்தேன். பக்கம் அப்படியே திறந்திருந்தது.

நான் எதையும் அழுத்தவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய். 'வெளியேறு' என்று மேலே ஒரு மூலையில் இருந்தது. அதை அழுத்தினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார். வேன் சத்தம், பின்னால் யாரோ குழந்தை அழும் சத்தம்.

"இப்பத்தான்டா டவர் கெடச்சுச்சு. ஏத்திட்டியா?"

"ஏத்தியாச்சுக்கா."

"நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அத மட்டும் பத்திரமா வச்சுக்க. புள்ள ரொம்ப அழுதுருச்சு, இந்தா பேசுறியா?"

மறுநாள் பஸ்ஸில் ஒரு தூக்குவாளி நிறைய காதுகுத்துக் கறிக்குழம்பு கொண்டுவந்தார். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, பிரபுவுக்கு எலும்பை ஒதுக்கிவிட்டு எனக்குக் கறியாகப் பார்த்துப் போட்டார். "நீ ரெண்டு பேர் வேலையப் பாத்தவன், தின்னு." தின்றேன். நல்ல குழம்பு. அதையும் மறைக்கப் போவதில்லை. இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

வந்து விழுகிற நக்கல் எல்லாம் அந்த வாரத்தோடு என்னிடம் நின்றுவிட்டது. பிரபு கேட்டான், "என்னடா, மூஞ்சி மைனஸ்ல போவுது?" காய்ச்சல் என்றேன்.

இறுதி விடைக்குறிப்பு வந்தது. முப்பத்தெட்டு, 'டி'. மாறவில்லை.

என்னைக் கொன்றது அதற்குப் பிறகு அக்கா செய்ததுதான். அவர் அதிகாரிகளைத் திட்டவில்லை. என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். தான் அனுப்பிய அந்த இரண்டு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"இந்தப் படம் கொஞ்சம் மங்கலா இருக்குல்ல? பிளஸ் சரியாத் தெரியல. அதான் தள்ளிட்டாங்க போல."

"தெரியுதுக்கா."

"ஒனக்குத் தெரியும், ஏன்னா நீ படிச்சவன். பாக்குறவுகளுக்குத் தெரியணுமே. இன்னொரு புத்தகத்துலயும் எடுத்திருக்கணும். என் சோம்பேறித்தனம்."

பத்து நாள். பத்து நாளும் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் திருக்கோகர்ணம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். புதுக்கோட்டை வந்துவிடும்.

முடிவு வந்தபோது பட்டியலின் அடியில் என் எண் இருந்தது. அவரது எண் இல்லை. ஒரு கேள்வி வித்தியாசம். அக்கா எங்கள் வீட்டுக்கே வந்தார். என் அம்மாவிடம், "ஒங்க புள்ள கெட்டிக்காரன்மா, வேகம் மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் வரும் ஆத்தா" என்றார். "எனக்கு முடிஞ்சுதும்மா. வாக்குக் குடுத்தது வாக்குத்தான்" என்று சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார். மறுவாரத்திலிருந்து பஸ்ஸில் அந்த ஜன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்தேன். வேறு மாவட்டம். சம்பளம் வந்தது, வண்டி வாங்கினேன். அக்கா இரண்டு தடவை போன் செய்தார். ஒரு தடவை எடுத்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது திருச்சியில் பஸ் ஏறினேன். பாதி தூரம் உள்ளே போனபிறகுதான் பார்த்தேன். அக்கா. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஒளிய வழியில்லை.

"அட, எஞ்சினியர் சாரு! ஒக்காரு ஒக்காரு. பாஸ்போர்ட் ஆபீஸ் போயிட்டு வாரேன். மாசிக்கு மேல கெளம்புறோம்."

மகள் படிப்பைப் பற்றிப் பேசினார். ஷார்ஜாவில் வெயில் நம் ஊர் மாதிரிதானாம் என்றார். என் அலுவலகத்தைப் பற்றி விசாரித்தார். நான் ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னேன். ஃபைலின் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"பாஸ்போர்ட்டுக்கு சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்தேன்ல, அப்படியே என் லாகின்ல போயி மார்க் ஷீட்டும் எடுத்து வைப்போம்னு பாத்தேன். அப்ஜெக்‌ஷன்னு ஒரு பக்கம் இருக்கு தம்பி. நாம என்ன போட்டோம், என்ன பதில் குடுத்தாங்கன்னு அதுல வரும் போல. எனக்கு ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு."

"சர்வர்ல ஏதாச்சும்..."

"ம். நானும் சர்வர்தான்னு நெனச்சேன்."

பஸ் ஒரு லாரியைத் தாண்டியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கின் கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பின்னால் போகும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

"அந்தக் கேள்விக்கு நெசமாவே நீ என்னடா போட்டிருந்த?"

'பி' என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"டி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஏன் என்று கேட்பார், திட்டுவார், பஸ்ஸே பார்க்க ஒரு அறை விடுவார் என்று காத்திருந்தேன். அறைந்திருக்கலாம். ஃபைலில் ரப்பர் பேண்டை மறுபடி போட்டார். ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு தாளை உள்ளே தள்ளினார். கீரனூர் கடைகள் தெரிய ஆரம்பித்தன. கண்டக்டர், "கீரனூர் எல்லாம் எறங்குங்க" என்று கத்தினார். அக்கா எழுந்தார். நான் முழங்காலைக்கூட நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

எழுந்து வழி விட்டேன்.